ஊர்ப் பெயர் சுமக்கும் நாய்கள்

தமிழ்நாட்டு நாணயச் சேகரிப்பாளர்களுக்கு,



உங்களில் பலரை முகம் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும். மதுரை, கோவை, சென்னைக் கண்காட்சிகளில் ஒரே மேசைக்கு முன்னால் தோள் உரச நின்றிருக்கிறோம். தட்டில் குவிந்து கிடக்கும் பழைய காசுகளை நீங்கள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகத் துழாவியிருக்கிறோம். ஆண்டுக்குக் கீழே வைரக் குறியா, நட்சத்திரமா, புள்ளியா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த உரிமையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு மறுவாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாய் பொறித்த வெள்ளி நாணயங்களாகவே தேடிச் சேர்ப்பவர். ஒவ்வொன்றையும் கேப்சூலில் போட்டு, விரல் படாமல் வைத்திருக்கிறார். பிரிட்டனின் ராயல் மின்ட் 2018-இல் வெளியிட்ட நாணயத்தைக் காட்டினார். வெஸ்ட் ஹைலண்ட் டெரியர் ஒன்று நான்கு காலும் தரையில் படாமல் துள்ளுகிறது. ஜிப்ரால்டர் பெயரில் வந்த கார்கியைக் காட்டினார், டாக்ஸ்ஹண்டைக் காட்டினார். ஒன்றிரண்டுக்கு அவர் கொடுத்த விலையைக் கேட்டு எனக்கு மூச்சு நின்றது. பார்த்து முடித்து வாசலுக்கு வந்தோம். வேப்பமரத்தடியில் அவருடைய சிப்பிப்பாறை நாய் கட்டிக் கிடந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. "இத்தனை நாய்க்கு வெள்ளியில காசு இருக்கு, இதுக்கு இல்லையே" என்றேன். அவர் அதன் காதைத் தடவிக்கொண்டே, "நம்ம நாய்க்கு எவன் அண்ணாச்சி காசு அடிப்பான்?" என்றார்.

கசப்போடு சொல்லவில்லை. சித்திரையில் வெயில் அடிக்கும் என்பதைப் போல, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகச் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தலாகிவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சொல்ல வராத பதிலை இப்போது உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். கேட்டால் அடிப்பார்கள். நாம் இன்னும் சேர்ந்து நின்று கேட்கவில்லை.

நாணயச்சாலைகள் எதைப் பார்த்து அச்சு வெட்டுகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாங்குகிற கை எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தப் பக்கம்தான் அச்சும் போகும். ஐல் ஆஃப் மேன் தீவு 1988-இல் தன் வாலில்லாப் பூனையை நாணயத்தில் பொறித்தது. அது அந்தத் தீவின் சொந்தப் பூனை, பொருத்தமான தேர்வு. மக்கள் வாங்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு ஊர்ப் பூனைகளும் வரிசையில் சேர்ந்துகொண்டன. 1990-களில் ஜிப்ரால்டர் பெயரில் நாய்கள் வந்தன. ஜிப்ரால்டர் பாறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விலங்கு குரங்கு. கார்கி வேல்ஸ் நாட்டு நாய், டாக்ஸ்ஹண்ட் ஜெர்மானிய நாய். அந்தப் பாறைக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு வரிசைகளையும் அடித்துக் கொடுத்தது பாப்ஜாய் என்ற இங்கிலாந்துத் தனியார் நாணயச்சாலை. அடுத்து சீனப் பஞ்சாங்கத்தின் நாய் ஆண்டு. 2006-இல் வந்தது, 2018-இல் வந்தது, இனி 2030-இல் வரும். அப்போது உலகத்து நாணயச்சாலைகள் பலவும் மறுபடி நாயைத் தேடிப் போகும். நம் பணமும் அதன் பின்னாலேயே போகும்.

அவற்றை வாங்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாத நாணயங்கள் அவை. அந்த நாய்களின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளிக்கு, வெள்ளி விலைக்கு மேலே நாம் அள்ளிக் கொடுக்கும் தொகை எந்த ஊரின் எந்த நாயை நினைவில் வைக்கிறது என்று ஒரு முறை யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்படிப்பட்ட நாணயங்களின் மேல் கொண்ட ஆசையில் நான் ஏமாந்தும் இருக்கிறேன். நாய் பொறித்த நாணயம் ஒன்றைச் சுத்த வெள்ளி என்று சொன்னவரை நம்பி, எடை கூடப் போடாமல் வாங்கினேன். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் நாயின் மூக்கு நுனியில் செம்பு நிறம் தெரிந்தது. எங்கள் தெரு ஆசாரி உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, முலாம் என்றார். போன பணத்தைவிட, எங்கோ இருக்கும் நாய்க்கு அத்தனை ஆசைப்பட்டதுதான் நெடுநாள் வலித்தது. தராசும் காந்தமும் இல்லாமல் இனி யாரும் வெள்ளி வாங்காதீர்கள். வெள்ளியில் காந்தம் ஒட்டாது. 

வெள்ளியில் நாயைப் பொறிப்பது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. சிசிலித் தீவின் செகெஸ்டா நகரம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வெள்ளிக் காசில் வேட்டைநாயைப் பொறித்தது. பக்கவாட்டில் நிற்கிறது, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். அந்த ஊர் ஆற்றுத் தெய்வம் நாய் உருவெடுத்து வந்தது என்பது அவர்கள் கதை. தங்கள் ஊர் பிறந்த கதையை அவர்கள் காசில் எழுதி வைத்தார்கள். வெளியூர் நாயைத் தேடிப் போகவில்லை. கி.மு. 82-இல் ரோமில் காயஸ் மமிலியஸ் லிமெடானஸ் என்ற அதிகாரி அடித்த தெனாரியஸ் ஒன்று உண்டு. உங்களில் ரோமக் காசு பார்ப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். கையில் கோலோடு வழிப்போக்கனாகக் கிரேக்கக் காவிய நாயகன் யுலிஸஸ் நடந்து வருகிறான். எதிரே ஒரு நாய் தலை தூக்கிப் பார்க்கிறது. இருபது ஆண்டு கழித்து ஊர் திரும்பியவனை மனைவிக்கும் அடையாளம் தெரியவில்லை; ஆர்கோஸ் என்ற அந்தக் கிழட்டு நாய்க்குத் தெரிந்தது. வாலை ஆட்டியது, உயிரை விட்டது. மமிலியஸ் குடும்பத்தார் தங்களை யுலிஸஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். குலப்பெருமை சொல்ல அவர்களுக்குக் கிடைத்த இடம் நான்கு கிராம்கூட இல்லாத ஒரு வெள்ளித் துண்டு. அதில் ஒரு நாய்க்கு இடம் ஒதுக்கினார்கள்.

பெயர் தெரிந்த நாய் நம்மிடமும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வில்லும் ஆயுதமுமாக அவன் நிற்க, பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கல்லில் எழுதியவர்கள் வீரனைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து, அவனைக் காத்து நின்றதையும் எழுதினார்கள். அந்த நாயின் பெயரையும் எழுதினார்கள். கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயர் வெயிலிலும் மழையிலும் அங்கே நிற்கிறது. அந்தக் கல் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றேன். உளி பிடித்தவருக்கு இடம் குறைவு, கல் கடினம், ஒவ்வொரு எழுத்துக்கும் உழைப்பு. இருந்தும் நாயின் பெயரை அவர் விட்டுவிடவில்லை. நாம் விட்டுவிட்டோம்.

நாட்டு நாய்களின் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் முதோல், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். எல்லாம் ஊர்ப் பெயர்கள். ஒரு ஊர் தன் பெயரையே ஒரு நாய்க்குக் கொடுத்திருக்கிறது என்றால் அது சாதாரணமாகக் கொடுத்த பெயர் இல்லை. தன் வயலை, கிடையை, வாசலை, தன் மானத்தை அந்த நாயிடம் ஒப்படைத்தவர்கள் கொடுத்த பெயர். கன்னி மட்டும் ஊர்ப் பெயரில் வரவில்லை. அதைக் காசுக்கு விற்பதில்லை, பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீராக அனுப்புவார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டுக்கிடை நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். அன்று நான் கவுண்டரில் இருந்தேன். வெள்ளை வேட்டியில் புழுதி படிந்த ஒரு பெரியவர் வந்து, "நம்ம ஊரு நாய்க்கு ஸ்டாம்பு போட்டிருக்காகளாமே" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "இதுல ஊரு பேரு போட்டிருக்கா?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை நீண்டது, யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. ஒட்டுவதற்கா என்று கேட்டேன். "இத எதுக்கு ஒட்டணும்?" என்று சொல்லி, வெற்றிலைப் பைக்குள் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

அந்தத் தபால்தலை இன்றைக்கு எத்தனை பேர் கையில் இருக்கும்? காகிதம் அது. ஈரம் பட்டால் கறுக்கும், கறையான் பார்த்தால் அரிக்கும். அந்தப் பெரியவர் வைத்திருந்த இடத்தில் இந்நேரம் மிச்சம் இருக்குமா என்று தெரியாது. செகெஸ்டாவின் நாயோ இரண்டாயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் மூக்கும் வாலும் தெளிவாக நிற்கிறது. தபால்தலையைக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன். அடுத்த படியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

"சரி, ஒரு நாட்டு அரசு நாயைக் காசில் போடுமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அயர்லாந்து போட்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அயர்லாந்துக்கு என்று ஓநாய் வேட்டை நாய் இனம் ஒன்று உண்டு. மிக உயரமான நாய் இனங்களில் அது ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டோடு அந்தத் தீவில் ஓநாய்கள் அற்றுப்போயின. ஓநாய் போனதும் நாய்க்கு வேலை போயிற்று. வேலை போனதும் வளர்ப்பவர் போனார்கள். இனமே அற்றுப்போகிற நிலை. 1860-களில் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரஹாம் என்ற ராணுவக் கேப்டன், எஞ்சியிருந்த நாய்களைத் தேடிப் பிடித்து, ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயோடும் வேறு சில பெரிய இனங்களோடும் சேர்த்து, பல ஆண்டு உழைத்து மீட்டெடுத்தார். 1885-இல் அதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. நாடு 1922-இல் சுயாட்சி பெற்றது. தனக்கென்று புதுக் காசு வேண்டும் என்றபோது அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் கவிஞர் வில்லியம் பட்லர் யேட்ஸ். ஒரு பக்கம் யாழ் இருக்க வேண்டும், எழுத்து ஐரிஷ் மொழியில் இருக்க வேண்டும், மன்னர் தலையும் வேண்டாம், தலைவர் தலையும் வேண்டாம் என்று அரசு சொன்னது. மறுபக்கத்துக்கு இந்த மண் எதைக் கொண்டு வாழ்கிறதோ அந்த விலங்குகள் வரட்டும் என்று குழு முடிவு செய்தது. குதிரை, சால்மன் மீன், காளை, முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி. ஆறு பென்னிக் காசில் அந்த ஓநாய் வேட்டை நாய். வடிவமைத்தவர் பெர்சி மெட்கால்ஃப் என்ற ஆங்கிலேயச் சிற்பி. 1928-இல் காசு வெளியானபோது எதிர்ப்பும் இருந்தது. சாமியும் சிலுவையும் இருக்க வேண்டிய இடத்தில் மிருகங்களா என்றார்கள். காசு நின்றது. அந்த நாய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அயர்லாந்துக் குழந்தைகளின் உள்ளங்கையில் ஓடியது. அது நிக்கல் காசு, வெள்ளி அல்ல. வெள்ளியாக இருந்திருந்தால் உருக்கிவிட்டிருப்பார்களோ என்னவோ.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நாயை மீட்டார்கள். பிறகுதான் காசு வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். காளையின் உடலும் பன்றியின் உடலும் சரியில்லை என்று வேளாண்மை தெரிந்தவர்கள் சொன்னபோது, சிற்பி அச்சைத் திருத்தினார். பன்றியின் முதல் வடிவம் போனதற்கு யேட்ஸ் பின்னால் வருந்தினார் என்பது வேறு விஷயம்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வாருங்கள். நம் வேட்டைநாய்களுக்கும் ஓநாய் வேட்டை நாய்க்கு நேர்ந்ததே நேர்ந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முயலுக்கும் பன்றிக்கும் பின்னால் ஓடப் பிறந்த நாய்களுக்கு அதோடு வேலை போயிற்று. மானாவாரிக் காடுகள் பிளாட்டுகளாயின. கிடை போடுகிறவர்கள் குறைந்தார்கள். நகரத்துப் பிள்ளைகள் லாப்ரடார் கேட்டார்கள். ராஜபாளையத்தில் பால்வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இனம் சேர்த்துச் சேர்த்து, காது கேளாத குட்டிகள் பிறந்தன. இவ்வளவுக்கும் நடுவில் சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு நாட்டு இனங்களுக்காகத் தொடங்கப்பட்டது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். தென்பக்கத்துக் கிராமங்களில் இந்த நாய்களைக் கைக்காசு செலவழித்துக் காப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மீட்கும் வேலை தொடங்கிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். காசு கேட்கும் நேரம் வந்துவிட்டது.

கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்கு 1000 ரூபாய் மதிப்பில் வெள்ளி நாணயம் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதற்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தோம்! 2023 ஏப்ரலில் புலிகள் காப்புத் திட்டத்தின் 50-ஆம் ஆண்டுக்கு 50 ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டார்கள். காட்டு விலங்குக்குக் காசு உண்டென்றால், அந்தக் காட்டோரத்தில் நம் வீட்டைக் காத்த விலங்குக்கு ஏன் கூடாது? 2024 ஆகஸ்டில் கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் மாநில அரசு கேட்டு வந்தது. அதில் தமிழ் எழுத்திலேயே வாசகம் பொறிக்கப்பட்டது. ஆகவே, ராஜபாளையம் என்று தமிழில் பொறிக்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

உருவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. 1911-ஆம் வருடத்து ரூபாயை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கிச் சங்கிலியில் பொறித்த குட்டி யானை, தும்பிக்கை சரியாக வராமல் பன்றியாகத் தெரிந்தது. ஊரெல்லாம் கொந்தளித்தது. காசைத் திரும்ப வாங்கி உருக்கி, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இன்றைக்கும் நமக்கு அது பன்றி ரூபாய்தான். கடுகளவு உருவத்தில் ஒரு கோடு பிசகினால் நடப்பது அது. அதே ஜார்ஜ் மன்னருக்குத்தான் முதோல் அரசர் தன் ஊர் வேட்டைநாய்கள் ஒரு ஜோடியை அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாய் அவர் அரண்மனைக்குப் போயிற்று. அவர் தலை 11.66 கிராம் வெள்ளியில் நம் மடிக்கு வந்தது. நாய்க்கு மட்டும் காசில் இடம் கிடைக்கவில்லை.

நம் நாய்கள் காசுக்கென்றே பிறந்த உருவங்கள். நெஞ்சு ஆழம், வயிறு முதுகெலும்பை நோக்கி ஏறியிருக்கும், இடுப்பில் ஒரு வளைவு, சவுக்குப் போல வால். பக்கவாட்டில் நிறுத்தினால் வட்டத்துக்குள் தானாக அமரும். சிப்பிப்பாறையை நிழலுருவமாகப் போட்டால்கூடத் தெரிந்துவிடும். புரூஃப் நாணயத்தில் தளம் கண்ணாடியாகவும் உருவம் பனி படர்ந்ததுபோல் வெண்மையாகவும் வருமல்லவா? அந்த வெண்மையில் ராஜபாளையம் நாய் எந்த வண்ணமும் பூசாமலே தன் நிறத்தில் நிற்கும். உலகத்தில் எத்தனை நாய் இனத்துக்கு இந்தப் பாக்கியம் உண்டு! கன்னியின் கறுப்பையும் கோம்பையின் கருமூஞ்சியையும் வெள்ளியில் காட்ட முடியாது. அவற்றுக்குச் சிற்பி தலையின் அமைப்பையும் தாடையின் கனத்தையும் நம்பித்தான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு வேட்டைநாய்ப் படத்தைப் பார்த்து வரைந்து அச்சு வெட்டிவிட்டால், நமக்கு இன்னொரு பன்றி ரூபாய்தான் கிடைக்கும். சிற்பி ஊருக்கு வர வேண்டும். கால்நடை மருத்துவரும் வளர்ப்பவரும் களிமண் மாதிரியைப் பார்த்து, "காது இப்படி மடியாது" என்று சொல்ல வேண்டும். 2023-இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 44 மில்லிமீட்டர். அந்த அளவு போதும். காது மடிப்பு வரைக்கும் காட்டலாம்.

எனக்கு ஓர் அச்சமும் இருக்கிறது. உங்களிடம் மறைக்க மாட்டேன். நாணயம் வந்தால் நாய்க்கு மவுசு கூடும். மவுசு கூடினால் பெட்டையை வருடத்துக்கு இரண்டு ஈற்று ஈன வைத்து, கலப்புக் குட்டியைச் சுத்த இனம் என்று விற்கிறவர்கள் கிளம்புவார்கள். சில மாதத்தில் அந்தக் குட்டிகள் பலவும் தெருவில் நிற்கும். அடுக்குமாடி பால்கனியில் சிப்பிப்பாறையைக் கட்டி வைப்பார்கள். ஓடப் பிறந்த நாய் அங்கே நடுங்கியே சாகும். அதற்கு நம் காசு காரணமாகிவிடக் கூடாது. நாணயப் பெட்டிக்குள் வைக்கும் விளக்கச் சீட்டில் இனத்தின் பெருமையை மட்டும் எழுதாமல், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு ஓட்டம் வேண்டும், யார் வளர்க்கக் கூடாது என்றும் எழுதச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டை நாமே எழுதிக் கொடுக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். நாம் தனித்தனியாக எழுதும் கடிதம் ஒரு அலுவலக மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். நினைவு நாணயம் எதை அடிப்பது என்று முடிவு செய்வது ஒன்றிய நிதி அமைச்சகம். எடை, அளவு, உலோகம், உருவம் எல்லாம் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பிறகுதான் நாணயச்சாலை வேலையைத் தொடும். அங்கே போகும் கோரிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், மாநில அரசு வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்து நாணயவியல் சங்கமும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி, முதோல், ராம்பூர் ஆறுக்கும் ஆறு வெள்ளி நாணயம். நாய் இனத்தின் பெயர் அந்தந்த மண்ணின் மொழி எழுத்தில். கர்நாடகத்துச் சேகரிப்பாளர்களிடமும் வடக்கே உள்ளவர்களிடமும் நீங்களே பேசுங்கள். உங்களுக்கு அங்கே பழக்கம் உண்டு. இத்தனை பேர் வாங்கக் காத்திருக்கிறோம் என்று கையெழுத்தோடு சொன்னால், நாணயச்சாலைக்கு அது வெறும் ஆசையாகத் தெரியாது. 2030-க்குள் நடந்தால், உலகம் முழுக்க நாய்க் காசு புரளும் அந்த ஆண்டில் நம் நாய்களும் அதில் நிற்கும்.

கையெழுத்துப் போட வரும்போது இன்னொன்றும் கொண்டுவாருங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ நாட்டு நாய் வைத்திருப்பவரிடம் போய், நாயைப் பக்கவாட்டில் நிறுத்தி, தரை மட்டத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். காதும் வாலும் வெட்டுப்படாமல் முழுதாகத் தெரிய வேண்டும். படத்தின் பின்னால் ஊர்ப் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, மறக்காமல், நாயின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

உங்களில் ஒருவன்,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து